கதவு போனால் கபட்டே போக வேண்டுமா?





பேசுவதற்கு எத்தனையோ பெரிய விடயங்கள் இருக்கும்போது பாத்ரூம் கபட் கதவைப் பற்றியா ஒரு பதிவு என்று சிலர் கேட்கலாம். எழுதத்தான் வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். கல்யாணத்துக்கு நாள் குறித்த வீடுகளில் இப்போது அதிகம் கேட்கும் வார்த்தை, "பாத்ரூம், பென்ட்ரி எல்லாத்தையும் கழட்டிட்டுப் புதுசாப் போடணும்" என்பதுதான். பேசினுக்குக் கீழே இருக்கும் கபட்டின் கதவு கொஞ்சம் ஊதியிருக்கும். லாச்சியின் முகப்பில் ஒட்டியிருந்த தாள் உரிந்திருக்கும். அதற்காக முழுக் கபட்டும் கழற்றப்படுகிறது. சில வீடுகளில் அதோடு பேசினும் போகிறது, டைல்ஸும் போகிறது. கடைசியில் ஒரு கடன் வந்து சேர்கிறது.

நாம் சொல்ல வருவது ஒன்றுதான். பத்துக் கபட்டில் கதவு கெட்டுப் போயிருந்தால், அதில் பலவற்றின் பெட்டி நன்றாகவே இருக்கும். கதவையும் லாச்சி முகப்பையும் மட்டும் திருத்தலாம், அல்லது அவற்றை மட்டும் மாற்றலாம். முழுதாகக் கழற்றுவது கடைசி வழியாக இருக்க வேண்டும். இன்று அது முதல் வழியாகிவிட்டது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மூன்று அடி அகலம், இரண்டரை அடி உயரம், இருபது அங்குல ஆழம் உள்ள சாதாரண கபட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் இரண்டு கதவுகள், ஒவ்வொன்றும் 18 அங்குலத்துக்கு 24 அங்குலம். கீழே இரண்டு லாச்சிகள், முகப்பு ஒவ்வொன்றும் 18 அங்குலத்துக்கு 6 அங்குலம். கதவு இரண்டும் சேர்த்து 6 சதுர அடி. லாச்சி முகப்பு இரண்டும் சேர்த்து ஒன்றரை சதுர அடி. மொத்தம் ஏழரை. எட்டுக்கு நாலு பலகை ஒன்று 32 சதுர அடி. அதாவது முன்பக்கம் முழுவதையும் புதிதாகப் போட ஒரு பலகையில் ஏறத்தாழ கால்வாசி போதும்.

அதே கபட்டின் பெட்டியை எடுங்கள். இரு பக்கம், நடுத்தட்டு, அடி, முதுகு எல்லாம் சேர்த்தால் 25 சதுர அடிக்கு மேல் வருகிறது. கதவோடு சேர்த்தால் ஒரு முழுப் பலகையும் போதாது. லாச்சிப் பெட்டிகள் தனி. அதற்கு மேல் பொருத்துக் கூலி, பைப் கழற்றிப் பூட்டும் கூலி, உடைந்த டைல்ஸ். எட்டாம் ஆண்டுப் பிள்ளையிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தாலும் எது இலாபம் என்று சொல்லிவிடும்.

2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்ட பின்னர் 200 ரூபா அளவில் நின்ற டொலர், சில மாதங்களில் 350ஐத் தாண்டியது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். பிணைச்சல், லாச்சி ரெயில், பீ.வீ.சி. பலகை என்று வெளிநாட்டிலிருந்து வரும் சாமான்களின் விலை அன்று ஏறியது ஏறியதுதான். 2024 ஜனவரியில் வற் வரியும் 18 வீதமானது. ஒரு முழுக் கபட்டுக்கு ஹாட்வெயார் கடையில் விலை கேட்டுப் பார்த்தவர்களுக்கு நாம் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

சரி, கதவு ஏன் கெடுகிறது?

இப்போது வரும் கபட்டுகளில் பெரும்பாலானவை எம்.டி.எஃப். பலகையில் அல்லது சிப்போட்டில் செய்தவை. எம்.டி.எஃப். என்பது மரத்தை நாராக்கி, பசை சேர்த்து, சூட்டில் அழுத்திச் செய்த பலகை. சிப்போட் மரத்தூளையும் செதிலையும் அழுத்திச் செய்தது. மேலே ஒட்டியிருக்கும் மெலமைன் அல்லது பிளாஸ்டிக் தாளுக்குள் தண்ணீர் போகாதவரை இரண்டும் நன்றாக நிற்கும். ஓரத்தில் ஒட்டிய பட்டி சற்றே விலகினாலும் நார் தண்ணீரை உறிஞ்சிவிடும். ஒருமுறை ஊதிய பலகை காய்ந்தாலும் பழைய அளவுக்கு வராது. பச்சை நிற எம்.டி.எஃப். என்றால் தண்ணீர் போகாது என்று கடையில் சொல்வார்கள். அந்தப் பச்சை அடையாளத்துக்குப் போட்ட சாயம். அந்தப் பலகை ஈரப்பதத்தைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், தண்ணீரில் நனைந்துகொண்டே இருப்பதைத் தாங்காது.

இந்தக் கபட் வடிவம் குளிக்கும் இடமும் பேசின் இருக்கும் இடமும் பிரிந்திருக்கும் குளியலறைக்காக வந்தது. அங்கே தரை காய்ந்திருக்கும். நம் வீட்டுப் பாத்ரூம் அப்படியா? வாளியில் மொண்டு குளிக்கிறோம். தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஐந்து நேரமும் வுழூச் செய்கிறோம். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை முறை முழங்கை வழியாக வடிந்த தண்ணீர் கபட் கதவில் படுகிறது, எத்தனை முறை கால் கழுவிய தண்ணீர் கதவின் அடி ஓரத்தில் தெறிக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அத்தோடு கடற்கரை ஊர்களின் உப்புக் காற்று சேர்ந்தால் சாதாரண இரும்புப் பிணைச்சல் சில வருடங்களிலேயே துருப்பிடித்துவிடும்.

ஆகவே, பழைய கபட்டைக் கழற்றி வீசிவிட்டு அதே பலகையில், அதே உயரத்தில், அதே பிணைச்சலோடு புதுக் கபட் போட்டால் சில வருடத்தில் அதே இடத்துக்குத்தான் வந்து நிற்போம். காரணத்தைத் திருத்தாமல் சாமானை மாற்றுவதில் பிரயோசனம் இல்லை.

ஓடாவியாரை அழைப்பதற்கு முன் வீட்டில் நாமே பார்க்கக்கூடியவை இவை:

1. கபட்டின் உள்ளே இருப்பதை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு, அடித்தட்டைப் பெருவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் உள்ளே இறங்கினால் பெட்டி போய்விட்டது. கெட்டியாக இருந்தால் பெட்டி நல்லது, பிரச்சினை கதவில் மட்டும்தான்.

2. பேசினின் கீழ் இருக்கும் வளைந்த பைப் மூட்டுகளில் காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். துணி நனைந்தால் முதலில் வொஷரை மாற்றுங்கள். அதைச் செய்யாமல் கதவை மாற்றக் கூடாது. பேசினும் சுவரும் சேரும் இடத்தில் சிலிக்கன் பிளந்திருந்தால் அதையும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள்.

3. கதவு சரிந்து தொங்கினால் உடனே கெட்டுவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். இப்போது வரும் மடங்கும் பிணைச்சல்களில், கதவைப் பக்கவாட்டிலும் உள்ளே வெளியேயும் நகர்த்துவதற்கு ஸ்குரூக்கள் உண்டு. அநேகமானவற்றில் மேலே கீழேயும் நகர்த்தலாம். ஒரு ஸ்குரூ ட்ரைவர் இருந்தால் பத்து நிமிட வேலை. வீட்டில் இருக்கும் பெண் பிள்ளைகளும் செய்யலாம். வெளி ஆள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

4. ஸ்குரூ பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் துளை பெருத்துவிட்டது என்று அர்த்தம். மரப் பசை தடவிய மரக்குச்சியைத் துளைக்குள் இறுக்கமாக அடித்து, ஒரு நாள் காயவிட்டு, மட்டமாக வெட்டிவிட்டுப் புதிதாகத் துளையிட்டால் மீண்டும் பிடிக்கும். பிணைச்சல் உட்காரும் வட்டக் குழியே உடைந்திருந்தால் சில அங்குலம் மேலே அல்லது கீழே தள்ளிப் புதுக் குழி போடலாம். அந்தக் குழி பெரும்பாலும் 35 மில்லிமீற்றர்தான். எந்தக் கடைப் பிணைச்சலும் அநேகமாக அதற்குப் பொருந்தும்.

5. ஓரப் பட்டி மட்டும் உரிந்திருந்து, பலகை ஊதாமல் இருந்தால், பழைய பசையைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, புதுப் பட்டி ஒட்டலாம். முகப்புத் தாள் உரிந்திருந்தால் அதை முழுதாக உரித்து, அரத்தாள் போட்டுத் தேய்த்து, பிறைமர் அடித்து, எனாமல் பெயின்ட் அடிக்கலாம். கதவின் அடி ஓரத்துக்கும் பிணைச்சல் குழிக்குள்ளும் பெயின்ட் போக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்த இடங்களை விட்டுவிடுவதால்தான் பெரும்பாலான கதவுகள் கெடுகின்றன.

6. கதவின் அடி ஊதிவிட்டதா? அதைத் தேய்த்துச் சரிசெய்ய முயல்வது வீண் வேலை. அந்தக் கதவை மட்டும் மாற்றுங்கள். பழைய கதவையே அளவுக்கு எடுத்துச் செல்லுங்கள். ஆனால் ஊதாத பக்கத்தில் அளவெடுக்க வேண்டும்.

புதுக் கதவு எதில் போடுவது என்ற கேள்வி வரும். பீ.வீ.சி. பலகை தண்ணீரில் ஊதாது, கறையானும் அரிக்காது. ஆனால் ஸ்குரூவை மரம் அளவுக்கு இறுக்கிப் பிடிக்காது, நீளமான கதவாக இருந்தால் வளையக்கூடும். பேசின் கபட்டின் சின்னக் கதவுக்கு அது பொருத்தமானது. அலுமினியச் சட்டம் போட்ட கதவு ஈரத்துக்கு நல்லது, ஊரிலேயே செய்ய ஆள் இருக்கிறது. ப்ளைவூட் போடுவதானால் கேட்டு வாங்குங்கள். இந்தியாவிலிருந்து வருவதில் தண்ணீரைத் தாங்கும் மெரைன் வகைக்கு ஐ.எஸ். 710 என்ற முத்திரை இருக்கும். ஐ.எஸ். 303 என்றிருந்தால் அது பொதுப் பாவனைக்கானது. இன்னொரு வழியும் இருக்கிறது. பழைய வீடு உடைக்கும்போது கழற்றிய தேக்கு ஜன்னல் பலகை பல வீடுகளின் பின்புறத்தில் சும்மா கிடக்கிறது. அதை இழைத்தால் நம் ஆயுளுக்கும் நிற்கும் கதவு கிடைக்கும்.

எதில் போட்டாலும் துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் பிணைச்சல் போடுங்கள். கதவின் அடி தரையிலிருந்து ஆறு அங்குலமாவது உயரத்தில் நிற்கட்டும். வசதி இருந்தால் வுழூவுக்குக் கால் கழுவ பாத்ரூமின் வேறொரு மூலையில் தாழ்வாக ஒரு பைப் போட்டுவிடுங்கள். கபட்டுக்கும் நல்லது, முழங்கால் நோவுள்ள உம்மம்மாமாருக்கும் நல்லது.

இனி, கழற்றிய கபட் எங்கே போகிறது என்பதையும் பேசியாக வேண்டும். கடலுக்கும் களப்புக்கும் வயலுக்கும் நடுவே நெருக்கி அடித்துக் குடியிருக்கும் ஊர்கள் நம்முடையவை. வீட்டுக்கு வீடு மதில் முட்டுகிறது. கழற்றிய பலகையைப் போட இடமில்லை. இரவோடு இரவாகக் கால்வாய் ஓரத்திலும் களப்பு ஓரத்திலும் கொண்டுபோய்த் தள்ளப்படுவதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். சபையின் டிரக்டரில் ஏற்றினாலும் அது எங்கோ ஒரு மேட்டில்தான் கொட்டப்படுகிறது. அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் யானைகள் பிளாஸ்டிக் தின்று இறந்த செய்தி 2022 இல் உலகம் முழுவதும் போனது. 2017 ஏப்ரல் 14 இல் கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து 30 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். அந்த மேடுகளை எழுப்பியது நம் கபட் கதவுகள் என்று நாம் சொல்லவில்லை. இன்னும் பல வருடம் பாவிக்கக்கூடிய ஒரு சாமானை அங்கே அனுப்ப நமக்கு என்ன நியாயம் இருக்கிறது என்றுதான் கேட்கிறோம்.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. தாய்மார் தயவுசெய்து கவனிக்க வேண்டும். 2022 இல் கேஸ் கிடைக்காமல் பல வீடுகள் விறகடுப்புக்குத் திரும்பின. அந்தப் பழக்கத்தில் உடைத்த எம்.டி.எஃப்., சிப்போட் துண்டுகளை அடுப்பில் வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. இந்தப் பலகைகளின் பசை பெரும்பாலும் யூரியா ஃபோமல்டிஹைட் வகை. ஃபோமல்டிஹைட் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 2004 இல் வகைப்படுத்தியது. மேலே ஒட்டிய தாளும் பட்டியும் பிளாஸ்டிக். அந்தப் புகையில் சோறு ஆக்க வேண்டாம், பிள்ளைகளை அதன் அருகே விட வேண்டாம். அது விறகு இல்லை.

இனி கொஞ்சம் மனம் நோகக்கூடிய விடயம்.

கிழக்கில் வீடு பெண் பிள்ளைக்கு என்பது நம் வழமை. வாப்பா வெளிநாட்டில் உழைத்தோ, உம்மா நகையை அடகு வைத்தோ கட்டிய வீட்டில்தான் மகள் குடும்பம் நடத்துகிறாள். அந்த வழமையின் நன்மை தீமைகளை ஆலிம்களும் ஊர்ப் பெரியவர்களும் நெடுங்காலமாகப் பேசி வருகிறார்கள். அதை இங்கே தீர்க்க முடியாது. ஆனால் இப்போது வீடு மட்டும் போதாது என்றாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்க்கும்போது டைல்ஸ் பார்க்கப்படுகிறது, பென்ட்ரி பார்க்கப்படுகிறது, பாத்ரூம் கபட்டும் திறந்து பார்க்கப்படுகிறது. வாய்விட்டு யாரும் கேட்பதில்லை. "அந்த வீட்டில் எல்லாம் புதுசு" என்று ஒரு வார்த்தை விழுந்தால் போதும். பெண்ணைப் பெற்றவர் மறுநாள் கடன் கேட்டுப் புறப்பட்டுவிடுகிறார்.

ஒரு லாச்சியின் உரிந்த முகப்பு ஒரு குடும்பத்தின் மரியாதையைத் தீர்மானிக்கும் நிலைக்கு நாம் வந்திருந்தால், திருத்த வேண்டியது லாச்சியை மட்டுமா?

மாப்பிள்ளை வீட்டாராகப் போகிறவர்களுக்கு நாம் மரியாதையோடு சொல்வது இதுதான். போகும் வீட்டில் பழைய கபட்டைக் கண்டால் கண்டும் காணாமல் வந்துவிடுங்கள். முடிந்தால் இன்னும் ஒரு படி மேலே போய், "இதை மாற்ற வேண்டாம், கதவை நாங்கள் திருத்திக்கொள்கிறோம்" என்று மாப்பிள்ளையே சொல்லட்டும். அந்த ஒரு வார்த்தை ஒரு வாப்பாவின் பல மாதத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுக்கும்.

சூரா பனீ இஸ்ராயீலில் வீண்விரயம் பற்றி வந்திருக்கும் எச்சரிக்கையை நம் பிள்ளைகள் மத்ரசாவில் மனனம் செய்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்டதையும், தம் ஆடையைத் தாமே ஒட்டுப்போட்டுக்கொண்டதையும் ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். திருத்திப் பாவிப்பது ஏழ்மையின் அடையாளம் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது? மார்க்கத்தில் இருந்து வரவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

"சின்ன வேலைக்கு ஓடாவிமார் வருவதில்லையே, வந்தாலும் ஒரு நாள் கூலி கேட்கிறார்களே" என்ற முறைப்பாடு நியாயமானது. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. இரண்டு பிணைச்சல் பூட்டுவதற்காக ஆயுதப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துபோனால் அவருடைய அரை நாள் போய்விடும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒரே ஒழுங்கையில் உள்ள நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரு நாளைக்கு ஓடாவியாரை அழைக்கலாம். எந்த வீட்டில் எத்தனை கதவு, எத்தனை லாச்சி என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் தேவையான சாமானோடு வருவார். கூலியைப் பங்கிட்டுக்கொள்ளலாம். அவருக்கும் முழு நாள் வேலை, நமக்கும் கை கடிக்காது.

இன்னொன்றையும் ஆசிரியர்களாகச் சொல்ல வேண்டும். உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013 இல் வந்தது. தொழிற்பயிற்சி நிலையங்களில் என்.வி.கியூ. சான்றிதழோடு மரவேலை படிக்கலாம். ஆனாலும் கையால் செய்யும் வேலைக்குப் போகிற பிள்ளையைப் "படிப்பு ஏறாதவன்" என்று சொல்லும் வாய் நம்மிடம் மாறவில்லை. பிறகு திருத்துவதற்கு ஆளில்லை என்று நாமே குறைப்படுகிறோம். வளைகுடாவில் கபட் வேலை பழகித் திரும்பிய இளைஞர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் திருத்த வேலையையும் கொடுத்து, உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்தால் அந்தத் தொழில் ஊரில் நிற்கும். ஓடாவியை மதிக்காத ஊர் எல்லாவற்றையும் கடையில் வாங்கித்தான் ஆக வேண்டும்.

எல்லாவற்றையும் திருத்தியே ஆக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அடித்தட்டு இற்றுப் போயிருந்தால், கறையான் ஏறியிருந்தால், உள்ளே பூஞ்சணம் பிடித்துத் துடைத்தும் துடைத்தும் திரும்ப வந்தால், கழற்றத்தான் வேண்டும். சுவாச நோயுள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பூஞ்சணத்தோடு விளையாடக் கூடாது. அப்போதும் நல்ல கதவையும் பிணைச்சலையும் ரெயிலையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு உதவாவிட்டால் அடுத்த வீட்டாருக்கு உதவும். புதிதாகக் கட்டுவோர் பேசினுக்குக் கீழே மூடிய கபட் தேவையா என்று ஒருமுறை யோசியுங்கள். சீமெந்துத் தட்டு ஒன்றும் அதற்கு அலுமினியக் கதவும் நம் பாத்ரூமுக்குப் போதும்.

நோன்பும் பெருநாளும் வரும்போது வீடு துப்புரவாக்கும் வழமை நம்மிடம் இருக்கிறது. அதற்காகக் காத்திருக்காமல் இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பாத்ரூம் கபட்டை ஒருமுறை திறந்து பாருங்கள். அடித்தட்டை அழுத்துங்கள், பைப்பைத் துடையுங்கள், ஆடும் ஸ்குரூவை இறுக்குங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஒரு சாமானைத் திருத்தத் தெரிந்த பிள்ளை அதை இலேசில் தூக்கி வீசாது.

நம் வீடுகளில் பரக்கத்தையும், நம் உழைப்பில் வீண்விரயம் இல்லாத வாழ்வையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.